உருண்டையில் தொடங்கிய கல்வி

நுழையும்முன்

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்னும் பெயர்கள் இன்று தமிழ்ச்சொற்களைப் போலவே நம் நாவில் புழங்குகின்றன. அவற்றிலுள்ள கே.ஜி. என்பது கிண்டர்கார்டன் என்பதன் சுருக்கம். ஆங்கிலச் சொல்லெனப் பலரும் கருதும் அது ஒரு ஜெர்மானியச் சொல். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். 1840ஆம் ஆண்டில் அப்பெயரைச் சூட்டியவர் பிரெடரிக் புரோபெல். பள்ளி வயதை எட்டாத குழந்தைக்கு நூலும் பலகையும் தராமல், பந்தும் கட்டையும் களிமண்ணும் தந்து கற்பிக்க முடியும் எனக் காட்டிய அவருடைய வாழ்க்கையை இப்பாடம் விளக்குகிறது.

தனிமையில் வளர்ந்த பிள்ளை

ஜெர்மனியின் நடுவே துரிங்கியா என்னும் காடடர்ந்த மலைநாடு உள்ளது. அங்குள்ள ஓபர்வைஸ்பாக் என்னும் சிற்றூரில், 1782ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் புரோபெல் பிறந்தார். தந்தை அவ்வூரின் கிறித்தவ மதகுரு. பல ஊர்களின் திருச்சபைப் பணி அவர் தோள்மேல் இருந்தமையால் வீட்டில் தங்கும் நேரம் குறைவு. குழந்தைக்கு ஓராண்டு நிறைவதற்குள் தாய் இறந்தார்.

சில ஆண்டுகளுக்குப் பின் தந்தை மறுமணம் செய்துகொண்டார். வந்த சிற்றன்னை தொடக்கத்தில் அன்பாகவே இருந்தார். தமக்கென ஒரு மகன் பிறந்ததும் அவர் மனம் மாறியது. அம்மாற்றத்தைச் சிறுவன் ஒரு சொல்லில் உணர்ந்தான். ஜெர்மானிய மொழியில், நெருங்கியவரை அழைக்கும் சொல் வேறு. ஏவலரையும் அயலாரையும் எட்ட நிறுத்திப் பேசும் சொல் வேறு. அதுவரை அவனை நெருக்கமாக விளித்துவந்த சிற்றன்னை, அயலானிடம் பேசும் சொல்லால் பேசத் தொடங்கினார். நம் மொழியில் நீ என்னும் ஒரு சொல்லுக்குள் எத்தனை உரிமை இருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு அச்சிறுவனின் துயரம் எளிதில் விளங்கும். முதுமையிலும் புரோபெல் அதை மறக்கவில்லை.

வீட்டைச் சுற்றியிருந்த தோட்டமும் அதன் செடிகொடிகளுமே அவனுக்குத் துணை. எழுத்துகளைக் கற்பதில் அவன் மந்தமாக இருந்தான். படிப்பில் தேறமாட்டான் என்று தந்தை எண்ணிவிட்டார். பத்தாவது வயதில், ஸ்டாட்இல்ம் என்னும் ஊரிலிருந்த தாய்மாமன் ஹோஃப்மன் அவனைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்குதான் முதன்முதலாக அவன் தன்னையொத்த சிறுவர்களோடு விளையாடினான். ஓடவும் தாவவும் பழகாத உடல் மற்றவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் தடுமாறியது. விளையாடாமல் வளர்ந்த பிள்ளை எவற்றையெல்லாம் இழந்திருக்கிறது என்பதை அவன் தன் உடலாலேயே அறிந்துகொண்டான்.

கல்லிலிருந்து கற்ற பாடம்

பதினைந்தாம் வயதில் புரோபெல் வனக்காவலர் ஒருவரிடம் தொழில் பழகச் சென்றார். பின்னர் யேனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கடனை அடைக்க இயலாமல் ஒன்பது வாரங்கள் பல்கலைக்கழகச் சிறையில் இருந்தார். அதன்பின் நில அளவை, கணக்கெழுதுதல் எனப் பல வேலைகள். 1805ஆம் ஆண்டில் கட்டடக்கலை கற்க விரும்பிப் பிராங்க்பர்ட் நகரை அடைந்தபோது, அங்கொரு மாதிரிப்பள்ளியை நடத்திவந்த குரூனர் என்பவர் அவரைச் சந்தித்தார். கட்டடம் கட்டுவதை விடுத்து ஆசிரியராகுமாறு அவர் வற்புறுத்தினார். வகுப்பறைக்குள் சென்று மாணவர்முன் நின்ற அந்நாளிலேயே தம் பணி இதுதான் எனப் புரோபெல் தெளிந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

அக்காலத்தில் சுவிட்சர்லாந்தின் இவெர்டன் நகரில் பெஸ்டலாட்சி என்னும் கல்வியாளர் ஒரு பள்ளியை நடத்திவந்தார். பொருளைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு உணர்ந்த பின்னரே அதற்குரிய சொல்லைக் குழந்தை கற்கவேண்டும் என்பது அவர் கொள்கை. பிராங்க்பர்ட்டில் தாம் தனிக்கல்வி அளித்துவந்த மூன்று சிறுவர்களுடன் அங்குச் சென்ற புரோபெல், 1808 முதல் 1810 வரை தங்கினார். அவர்களுக்கு ஆசிரியராகவும் பெஸ்டலாட்சிக்கு மாணவராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். பெஸ்டலாட்சியின் பள்ளி அவருக்கு வியப்பையும் தந்தது, குறையையும் காட்டியது. அங்குப் பொருள்களைக் காட்டினார்கள், பெயர் சொல்லவைத்தார்கள். ஆயினும் குழந்தை தானே ஒன்றைச் செய்து பார்ப்பதற்குரிய இடம் போதவில்லை என அவருக்குத் தோன்றியது.

பின்னர்ப் பெர்லினில் வைஸ் என்னும் படிகவியல் அறிஞரிடம் பயின்றார். இடையில் 1813ஆம் ஆண்டில் நெப்போலியனை எதிர்த்த போரில் தன்னார்வப் படைவீரராகச் சேர்ந்தார். வாழ்நாள் முழுதும் உடனுழைத்த லாங்கெதால், மிட்டன்டோர்ஃப் என்னும் நண்பர்கள் இருவரையும் அப்படையில்தான் பெற்றார். போர் முடிந்தபின், பெர்லினில் வைஸின் பொறுப்பிலிருந்த கனிம அருங்காட்சியகத்தில் உதவியாளரானார். ஆசிரியராக வேண்டியவர் கற்களோடு காலம் கழித்தது வீண் என்று நினைத்துவிட வேண்டா. ஒரு கல் உப்பை உற்றுப் பாருங்கள். அதை எவரும் செதுக்கவில்லை, ஆனாலும் அது கனசதுரமாக வளர்கிறது. உயிரற்ற கல்லுக்கே உள்ளிருந்து வளரும் ஒழுங்கு உண்டெனில் உயிருள்ள குழந்தைக்கு இல்லாமற்போகுமா என்று அவர் சிந்தித்தார். வெளியிலிருந்து திணிப்பது கல்வியாகாது, உள்ளிருப்பது வெளிப்படத் துணைநிற்பதே ஆசிரியர் பணி என்னும் அவருடைய கொள்கை அந்த அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைகளுக்கிடையே உறுதிப்பட்டது.

பள்ளிக்கு முந்தைய பருவம்

போர்க்காலத்தில் காய்ச்சலுக்கு இரையான தமையனின் மூன்று பிள்ளைகள், இன்னொரு தமையனின் இரண்டு பிள்ளைகள் ஆகிய ஐவரைக் கொண்டு 1816ஆம் ஆண்டு கிரீஸ்ஹைம் என்னும் ஊரில் புரோபெல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டே அது கைல்ஹாவ் என்னும் சிற்றூருக்கு மாறியது. படிப்போடு வயல்வேலை, மரவேலை, மலையேற்றம் ஆகியனவும் அங்கு நடைபெற்றன. 1826ஆம் ஆண்டில் மனிதக் கல்வி என்னும் தம் நூலை வெளியிட்டார். படிப்பதற்கு எளிதான நூலன்று அது. நீண்ட வாக்கியங்களும் மறைபொருள் நாட்டமும் நிறைந்தது. ஆயினும் குழந்தையின் விளையாட்டு வீண்பொழுதன்று, அவ்வயதின் மிக உயர்ந்த வெளிப்பாடு அதுவே என்னும் கருத்தை அதுவரை எவரும் அவ்வளவு உறுதியாக எழுதியதில்லை.

அரசியல் ஐயங்கள் அப்பள்ளியைச் சூழ்ந்தன. விடுதலை வேட்கையை ஊட்டும் இடம் என்று ஆட்சியாளர் கருதியமையால் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டனர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பயின்ற பள்ளியில், 1829ஆம் ஆண்டில் ஐவரே எஞ்சினர். புரோபெல் சுவிட்சர்லாந்து சென்றார். அங்குப் பர்க்டார்ஃப் நகரின் ஆதரவற்றோர் இல்லத்தை நடத்தியபோது ஓர் உண்மை அவரை உறுத்தியது. பள்ளிக்கு வந்து சேரும் பிள்ளைகளுள் பலர், வருவதற்கு முன்பே எதையோ இழந்து வருகின்றனர். பள்ளிக்கு முந்தைய ஆண்டுகளைக் கவனிப்பார் இல்லை. தம் சொந்தக் குழந்தைப் பருவமும் அவர் நினைவில் எழுந்திருக்க வேண்டும்.

1837ஆம் ஆண்டில் துரிங்கியாவுக்குத் திரும்பி, பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களை உருவாக்கத் தொடங்கினார். ஐம்பத்தைந்து வயதில், அறிஞர் ஒருவர் மரப்பந்தும் கட்டையும் செய்துகொண்டிருந்ததைக் கண்டு ஊரார் நகைத்தனர். அங்குத் தொடங்கிய நிறுவனத்துக்கு ஏற்ற பெயர் அவருக்கு நெடுநாள் அகப்படவில்லை. மலைப்பாதையில் நண்பர்களுடன் நடந்துகொண்டிருந்தபோது, கீழே விரிந்த பள்ளத்தாக்கைக் கண்டதும் கிண்டர்கார்டன் என்னும் பெயர் தோன்றியது என்பர். அச்சுக்கலையின் முன்னோடியான கூட்டன்பர்க்கின் நினைவு விழா கொண்டாடப்பட்ட 1840ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாளில் அப்பெயருடன் அந்நிறுவனம் முறைப்படி நிறுவப்பெற்றது.

கொடைகள்

புரோபெல் உருவாக்கிய விளையாட்டுப் பொருள்களுக்குக் கொடைகள் என்று பெயர். முதற்கொடை, ஆறு நிறங்களில் அமைந்த மென்மையான கம்பளிப் பந்துகள். இரண்டாவது, மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை ஆகிய மூன்றும். மூன்றாவது, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு பெரிய கனசதுரம். குழந்தை அதைப் பிரிக்கலாம், அடுக்கலாம், மீண்டும் சேர்த்து முழுமையாக்கலாம். அந்த எட்டுக் கட்டைகளே ஒரு நேரம் நாற்காலியும் படிக்கட்டும் ஆகும். ஒரு நேரம் விண்மீன் கோலமாகும். இன்னொரு நேரம் பாதி, கால் என்னும் கணக்காகும். ஒன்றைக் கலைத்துச் சிதைத்துவிட்டு மற்றொன்றைத் தொடங்குவதை அவர் விரும்பவில்லை. ஒரு வடிவத்தின் கட்டைகளைச் சிறிது சிறிதாக நகர்த்தியே அடுத்த வடிவத்துக்குச் செல்லவேண்டும். எந்தக் கட்டையும் பயனின்றிக் கிடக்கலாகாது.

இக்கொடைகளைத் தொடர்ந்து காகிதம் மடித்தல், பின்னுதல், வெட்டுதல், ஊறவைத்த பட்டாணியில் குச்சிகளைச் செருகி உருவம் அமைத்தல் முதலிய கைவினைகள் வந்தன. பின்வந்தோர் இவை அனைத்தையும் இருபதாக எண்ணிட்டபோது, இருபதாவதாக இடம்பெற்றது களிமண்.

களிமண் செய்யும் வேலை

கடைசி எண் என்பதால் அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கட்டைக்கு வடிவம் முன்பே உண்டு. குழந்தை அதை அடுக்க மட்டுமே முடியும். களிமண்ணுக்கு வடிவம் இல்லை. கை தருவதே அதன் வடிவம். ஆகவே இரண்டாம் கொடையில் கண்ணால் கண்டு கையில் உருட்டிப் பார்த்த உருண்டையையும் உருளையையும் கனசதுரத்தையும், களிமண்ணில் குழந்தை தானே படைக்கிறது. ஒரு சிறு பலகையும் மழுங்கிய மரக்கத்தியும் இதற்குப் போதும்.

இரண்டு உள்ளங்கைகளுக்கிடையே மண்ணை வைத்து வட்டமாகச் சுழற்றினால் உருண்டை கிடைக்கிறது. அதே உருண்டையைப் பலகைமேல் வைத்து முன்னும் பின்னும் உருட்டினால் உருளை. உருண்டையைப் பலகையில் மெல்லத் தட்டி, திருப்பி மீண்டும் தட்டினால் ஆறு முகங்கள் தோன்றிக் கனசதுரமாகிறது. உருண்டையின் நடுவில் கட்டைவிரலை அழுத்தினால் பறவைக்கூடு; அதனுள் இட, கிள்ளி உருட்டிய முட்டைகள். வட்டமாகச் சுழற்றும் அசைவுக்கும் நேராக உருட்டும் அசைவுக்கும் உள்ள வேறுபாட்டால் இரு வேறு வடிவங்கள் பிறக்கின்றன என்பதை எந்தச் சொல்லாலும் மூன்று வயதுக் குழந்தைக்கு விளக்கிவிட முடியாது. கை அதைக் கண்டுகொள்கிறது. உருண்டை, உருளை என்னும் சொற்களை ஆசிரியர் அதற்குப் பின்னர்ச் சொன்னால், அச்சொற்கள் ஏற்கெனவே அறிந்த ஒன்றின் பெயர்களாகக் குழந்தையின் மனத்தில் தங்கிவிடுகின்றன.

பிசைதல், கிள்ளுதல், அழுத்துதல், திரித்தல் ஆகிய இச்செயல்கள் உள்ளங்கையின் சிறுதசைகளை வலுப்படுத்துகின்றன. கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் ஒன்றுகூடி ஒரு பொருளைப் பற்றும் திறன் இவ்வாறுதான் கைவருகிறது. பின்னாளில் எழுதுகோலைப் பிடிக்கப்போவதும் அம்மூன்று விரல்களே. விரல்கள் ஆயத்தமாகும் முன்பே எழுதுகோலைத் திணித்து, நான்கு கோட்டு ஏட்டில் வரிவரியாக எழுதச் செய்யும் வகுப்புகளும் இன்று கே.ஜி. என்னும் பெயரையே தாங்கியிருப்பதைப் பார்க்கையில், புரோபெலின் சொல் கடல் கடந்து வந்த அளவுக்கு அவர் கருத்து வரவில்லை என்றே கூறத் தோன்றுகிறது.

களிமண்ணுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அது பிழையை மன்னிக்கும். காகிதத்தில் தவறாக வெட்டியதை ஒட்டமுடியாது. களிமண்ணில் செய்த யானைக்குத் துதிக்கை விழுந்துவிட்டால், மீண்டும் உருட்டி ஒட்டலாம். பிடிக்கவில்லையெனில் யானையையே உருண்டையாக்கிப் பானை செய்யலாம். அளவு மாறவில்லை, பொருள் மாறவில்லை, வடிவம் மட்டுமே மாறியது. பெரியவர்களுக்கு இது வெளிப்படை, குழந்தைக்கு அவ்வாறன்று. புரோபெலுக்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துச் சுவிட்சர்லாந்து உளவியலறிஞர் பியாஜே இதை ஆராய்ந்தார். ஒரே அளவுள்ள இரண்டு களிமண் உருண்டைகளைக் குழந்தையிடம் காட்டி, ஒன்றைக் குழந்தையின் கண்முன்னே நீளமாக உருட்டினார். இப்போது எதில் மண் மிகுதி என்று கேட்டால், சிறு குழந்தைகள் பலர் நீளமானதைக் காட்டினர். ஏழு, எட்டு வயதளவில்தான் இரண்டும் ஒரே அளவு என்னும் தெளிவு வருகிறது. நீட்டியதை மீண்டும் உருண்டையாக்கலாம் என்று மனத்துக்குள்ளேயே செய்து பார்க்கும் ஆற்றலின் அடையாளம் அத்தெளிவு. புரோபெல் இப்படியோர் ஆய்வை நடத்தவில்லை. ஆயினும் குழந்தை அதைப் பல நூறு முறை கையால் செய்து பார்ப்பதற்குரிய பொருளை அவர் வகுப்பறைக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்.

இவற்றுக்கு மேலாக, உருண்டை உலக ஒருமையின் அடையாளம், கனசதுரம் அதன் எதிர்நிலை, உருளை இரண்டையும் இணைப்பது என்றெல்லாம் அவர் விளக்கம் தந்தார். அவ்விளக்கங்களை இன்றைய கல்வியாளர்கள் பெரிதும் கைவிட்டுவிட்டனர். அவருடைய மாணவர்கள் சிலர் கொடைகளை வரிசை பிறழாமல், ஆசிரியர் சொற்படி எல்லாக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் ஒரே வடிவத்தைச் செய்யும் பயிற்சியாக இறுக்கிவிட்டனர் என்பதும் உண்மை. விளையாட்டின் பெயராலேயே விளையாட்டு ஒடுக்கப்பட்டது. அந்த இறுக்கத்தைத் தளர்த்தப் பேட்டி ஹில் போன்ற அமெரிக்க ஆசிரியைகள் பின்னர்ப் பாடுபட வேண்டியிருந்தது.

தடையும் மறைவும்

1849ஆம் ஆண்டில் புரோபெல் லீபன்ஸ்டைன் என்னும் ஊரில் குடியேறினார். சிற்றூர்க் குழந்தைகளுடன் ஆடிப்பாடித் திரிந்த நரைத்த முதியவரை அங்குள்ளோர் பித்தர் என்றனர். அவ்வூருக்கு ஓய்வுக்காக வந்திருந்த பெர்த்தா ஃபான் மாரன்ஹோல்ட்ஸ் பூலோ என்னும் சீமாட்டி அவரை நேரில் கண்டு, அவர் பணியின் பெருமையை உணர்ந்தார். கல்வியாளர் டீஸ்டர்வெக்கையும் அழைத்துவந்து காட்டினார். புரோபெலிடம் இளம்பெண்கள் பலர் பயிற்சி பெற்றனர். பெண்களுக்குத் தொழில்வாய்ப்புகள் அரிதாயிருந்த அக்காலத்தில் குழந்தைகளின் ஆசிரியை என்னும் ஒரு புதிய தொழில் பிறந்தது.

முயற்சி கனியும் வேளையில் இடி விழுந்தது. 1851ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் பிரஷ்ய அரசு தன் எல்லைக்குள் கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தது. அவை இறைமறுப்பையும் சமவுடைமைக் கொள்கையையும் பிஞ்சு மனங்களில் விதைக்கின்றன என்பது குற்றச்சாட்டு. புரோபெலின் உறவினர் கார்ல் புரோபெல் எழுதிய ஒரு நூலில் தீவிரக் கருத்துகள் இருந்தன. பெயர் ஒற்றுமையால் இருவரையும் அரசு குழப்பிக்கொண்டது. மதகுருவின் மகனாகப் பிறந்து, ஒவ்வொரு பந்திலும் இறைவனின் ஒருமையைக் கண்டவர்மேல் சுமத்தப்பட்ட பழி அது. அவர் விளக்கம் எழுதி அனுப்பினார். பிழை சுட்டிக்காட்டப்பட்ட பின்னரும் ஆணை திரும்பப் பெறப்படவில்லை.

1852ஆம் ஆண்டில் கோத்தா நகரில் நடந்த ஆசிரியர் மாநாட்டு அரங்கில் அவர் நுழைந்தபோது அனைவரும் எழுந்து நின்று வரவேற்றனர். அது ஒன்றே அவர் கண்ட பொதுச் சிறப்பு. சில வாரங்களில், ஜூன் 21ஆம் நாள், மரியன்தால் என்னும் இடத்தில் அவர் உயிர் பிரிந்தது. அருகிலுள்ள ஷ்வைனாவில் அமைந்த அவருடைய கல்லறைமீது கனசதுரம், உருளை, உருண்டை ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கல்லில் வடித்து நிறுத்தப்பட்டன. தடை 1860ஆம் ஆண்டில்தான் நீங்கியது.

கடல் கடந்த தோட்டம்

தடை ஒருவகையில் அவர் பணியைப் பரப்பவும் செய்தது. பெர்த்தா அம்மையார் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குச் சென்று புரோபெலின் முறையை விளக்கினார். ஜெர்மனியிலிருந்து வெளியேறிய மார்கரேத் ஷூர்ஸ் 1856ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் என்னும் ஊரில் தம் மகளுக்காகவும் உறவினர் பிள்ளைகளுக்காகவும் ஒரு கிண்டர்கார்டனைத் தொடங்கினார். 1873ஆம் ஆண்டில் செயின்ட் லூயிஸ் நகரின் பொதுப்பள்ளி அமைப்பிலேயே அது இடம்பெற்றது.

களிமண்ணும் உருமாறியது. ஈரம் காய்ந்தால் வெடித்துவிடுவது அதன் குறை. இங்கிலாந்தின் பாத் நகரில் ஓவிய ஆசிரியராக இருந்த வில்லியம் ஹார்பட், காயாத செயற்கைக் களிமண்ணை 1897ஆம் ஆண்டில் உருவாக்கினார். பிளாஸ்டிசின் என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. எனினும் மழலையரின் விரல்களுக்கு அதுவும் சற்றுக் கடினமாகவே இருந்தது.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒரு நிறுவனம், வீடுகளின் சுவர்க்காகிதத்தில் படியும் நிலக்கரிப் புகைக்கரியைத் துடைத்தெடுக்க மாவு போன்ற ஒரு பொருளைத் தயாரித்து வந்தது. நிலக்கரி அடுப்புகள் மறைந்து எரிவாயு வந்தபின் அதை வாங்குவார் குறைந்தனர், நிறுவனம் நலிந்தது. அதன் உரிமையாளர் குடும்பத்துக்கு உறவினரான கே ஸூஃபால் என்பவர் நியூஜெர்சியில் மழலையர் பள்ளி ஆசிரியை. 1950களின் நடுவில், அந்தத் துடைப்பு மாவு தம் குழந்தைகளின் விரல்களுக்கு ஏற்ற மென்மையுடன் இருக்குமா என்று பார்க்க விரும்பிச் சிறிது வாங்கி வகுப்புக்கு எடுத்துச் சென்றார். அழுக்கெடுக்கும் பொருள் நீக்கப்பட்டு, வண்ணமும் மணமும் சேர்க்கப்பட்டு, பிளே-டோ என்னும் பெயரில் அது உலகெங்கும் செல்வது அதன் பின்னரே. அந்த முதல்நாளில் குழந்தைகளுக்கு அதன் பெயரும் தெரியாது, விலையும் தெரியாது. தட்டையாக உருட்டினார்கள், அச்சுகளால் வெட்டினார்கள், காயவைத்துக் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட்டார்கள்.